யாரும் கூப்பிடாத மரகதம்

ஆரணி பஜாரில் பழைய பித்தளையை எடைபோட்டு எடுத்துக்கொள்ளும் பாத்திரக்கடை ஒன்றில் போன மாதம் நின்றிருந்தேன். படவேட்டு வீட்டைப் பிரித்துக் கட்டப்போகிறோம் என்று பரணைக் காலி செய்ததில் இறங்கிய சாமான்கள்: தவலை, குண்டான், காது உடைந்த ஒரு அண்டா. கடைக்காரர் அண்டாவின் கழுத்தில் ஊறவைத்த புளியைத் தடவி இரண்டு இழுப்பு இழுத்தார். கறுப்பு விலகிய இடத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. 'படவேடு மரகதம்'.

"யாரும்மா மரகதம்?" என்று கேட்டார்.

"எங்க ஆயா."

வட ஆர்க்காட்டுப் பக்கம் அப்பாவைப் பெற்றவளை ஆயா என்போம். மற்றதையெல்லாம் தராசில் விட்டுவிட்டு அண்டாவை மட்டும் திரும்பத் தூக்கிக்கொண்டேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் தோன்றியது: இந்தப் பெயரை எழுத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டில், தவலையில், கூட்டுறவு சங்கப் பாஸ் புத்தகத்தில். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

பாத்திரத்தில் பேர் வெட்டுவது அப்போதெல்லாம் ஒரு தனித் தொழில். பாத்திரக்கடை வாசலில் சாக்கை விரித்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். கையில் பென்சில் கனத்தில் ஓர் உளி, சின்னச் சுத்தியல். பாத்திரத்தைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு டக் டக் டக் என்று அடித்தால் புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகும். எழுதிப் பார்ப்பது, அழிப்பது எல்லாம் கிடையாது. சீர்வரிசைப் பாத்திரமானால் பெண்ணின் பெயர், மொய்ப் பாத்திரமானால் கொடுத்தவர் பெயர். பந்திக்கு இரவல் போன குண்டான் சரியாகத் திரும்பி வரவேண்டுமே! பிறகு மின்சார ஊசி வந்தது, எழுத்து கோடாக ஓடியது. இப்போது நான்ஸ்டிக் தவாவில் யார் பேரை வெட்டுவது?

ஆயாவின் பெயரை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்பதற்குப் பெரிய மர்மம் எதுவுமில்லை. புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது, மாமியார் பேரை மருமகள் சொல்லக் கூடாது. தாத்தாவோ ஆண்பிள்ளை, அவருக்குத் தடையில்லை. ஆனாலும் குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் கூப்பிடுவது ஒரே மாதிரிதான்: "இந்தாமே, தாரு தீந்துபோச்சு." பெற்ற பிள்ளைகளுக்கு அம்மா. ஊருக்கு 'தறிக்காரர் வீட்டம்மா'. அவளைப் பேர் சொல்லி அழைக்கும் உரிமை இருந்த அப்பா அம்மாவும், மூத்தவர்களும் நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்கள்.

ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வந்தார். தாத்தா தறிச் சங்கத்துக்குப் போயிருந்தார், ஆயா ஆற்றங்கரைக்கு. அம்மாதான் பதில் சொன்னாள். "மாமியார் பேர்?" என்றதும் அம்மா வாயை மூடிக்கொண்டாள். முந்தானையை இழுத்துக்கொண்டு, "அதாங்க, பச்சைக் கல்லு" என்றாள். வாத்தியாருக்குப் புரியவில்லை. "பச்சைக் கல்லுன்னு ஒரு பேரா?" அம்மா கொடியில் காய்ந்த பச்சை நூல் சிட்டத்தைக் காட்டினாள். காதைத் தொட்டுக் கம்மலைக் காட்டினாள். அதில் சிவப்புக் கல்தான் இருந்தது. வாத்தியார் பேனாவைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. திண்ணையில் இருந்தபடியே "மரகதம்! மரகதம்!" என்று கத்தினேன். வாத்தியார் எழுதிக்கொண்டார். அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். சாயங்காலம் விஷயம் தெரிந்து ஆயா விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னொரு தபா சொல்லு" என்று என்னை மடியில் இழுத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

பெயர் வந்த கதையை அவளே ஒரு நாள் சொன்னாள். சொல்லும்போதும் கை ராட்டையை விடவில்லை. ஊடைக்கான பட்டு நூலைச் சிட்டத்திலிருந்து தாரில் சுற்றுவது அவள் வேலை. வலது கை ராட்டையைச் சுழற்றும், இடது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நூல் ஓடும். கண்ணுக்குத் தெரியாத முடிச்சையும் விரல் தெரிந்துகொள்ளும். உடனே ராட்டை நிற்கும். பல்லால் கடித்து, உருட்டி முறுக்கி, மறுபடி ஓட்டுவாள். சாயம் சரியாக அலசாத நூலாக இருந்தால் அந்த இரண்டு விரல்களும் அன்றைய நிறத்தில் இருக்கும். சிவப்பென்றால் மருதாணி வைத்த மாதிரி. பச்சை என்றால், "பாரு, என் பேரு என் கையிலியே ஒட்டிக்கினு கீது" என்பாள்.

அவர்கள் குலதெய்வம் முனுகப்பட்டு பச்சையம்மன். ஆரணி, செய்யாறு பக்கத்தில் அந்த அம்மனுக்குப் பிள்ளைகள் அதிகம். பச்சையப்பன், பச்சையம்மாள், பச்சை என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். சிவனின் உடம்பில் பாதி கேட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட பார்வதி, வழியில் மணலில் லிங்கம் பிடித்து வாழை இலைப் பந்தலில் பூசை செய்த இடம் வாழைப்பந்தல் என்றும், அங்கே தண்ணீருக்காக முருகன் வேலெறிந்த இடத்தில் செய்யாறு பிறந்தது என்றும் கதை சொல்வார்கள். பூசைக்கு உட்கார்ந்தவள் பச்சை நிறத்தவள். ஆயா பிறந்ததும் அவளுக்கும் பச்சையம்மாள் என்றுதான் வைக்க நினைத்திருக்கிறார்கள். ஆனால் அதே கூட்டுக் குடும்பத்தில் பெரியப்பா மகள் ஒருத்தி அந்தப் பெயரில் ஏற்கெனவே இருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பச்சையம்மாள் என்றால், ஒருத்தியைத் திட்டினால் இன்னொருத்தி அழுவாள். ஜவுளி மூட்டையோடு மதுரை வரை போய்வந்த தாய்மாமன்தான் வழி சொன்னாராம்: "மதுரை மீனாட்சியும் பச்சைதான். அங்க மரகதவல்லின்றான். நீங்க மரகதம்னு வைங்க. அம்மனும் கோவிச்சுக்க மாட்டா."

ஆக, ஆயாவின் பெயருக்கும் நவரத்தினக் கடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அம்மனின் உடம்பு நிறத்துக்கு வாய்த்த இன்னொரு சொல், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பிறந்த மரகதங்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இப்படித்தான் வந்திருக்கும் என்பது என் எண்ணம். கல்லைக் கண்டவர்கள் வைத்த பெயரல்ல, கோயிலைக் கண்டவர்கள் வைத்த பெயர். முசிறிக்கு அருகே திருஈங்கோய்மலையில் சுவாமி மரகதாசலேசுவரர், அம்பாள் மரகதாம்பிகை. திருவாரூர், திருக்குவளை முதலான ஏழு விடங்கத் தலங்களில் மரகத லிங்கத்துக்கு அபிஷேகம் நடக்கிறது. உத்திரகோசமங்கை நடராசர் மரகதத் திருமேனி. ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பவர், மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒரே ஒரு நாள்தான் பச்சையாகத் தெரிவார். அந்த நாளில் ஒருமுறை போய் நெருக்கடியில் நசுங்கி, எம்பி எம்பி, விளக்கொளியில் பச்சை மின்னியதை ஒரு கணம் பார்த்தேன். பின்னால் நின்ற அம்மா ஒருவர், "கண்ணுல பட்டுதா, பட்டுதா?" என்று என் தோளை உலுக்கிக்கொண்டே இருந்தார்.

கல்லின் வரலாறு வேறு திசையில் போகிறது. மரகதம் என்பது பெரில் என்ற கனிமத்தின் பச்சை வகை. குரோமியமோ வனேடியமோ கொஞ்சம் கலந்தால் அந்த நிறம் வந்துவிடுகிறது. அதே பெரிலின் கடல்நீல வகை நம்மூர்க் காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. பக்கத்திலே கொடுமணலில் கல் அறுத்து, துளையிட்டு, மெருகேற்றும் பட்டறைகளே இருந்தன என்று அகழாய்வு சொல்கிறது. ரோமாபுரிப் பெண்கள் கழுத்துவரை போன கல் அது. பச்சைக் கல்லோ எகிப்திலிருந்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஸ்பெயின்காரர்கள் வெட்டிய கொலம்பியச் சுரங்கத்துக் கற்கள் கப்பலேறி வந்து முகலாயர் கழுத்தில் தொங்கின. மதுரைக்கு மட்டும் இது பழைய சரக்கு. சிலப்பதிகாரத்தில் கோவலன் நடந்து பார்க்கும் மதுரைக் கடைத்தெருவில் ஒன்பது மணிகளையும் குணம் குற்றம் பிரித்து இளங்கோ வரிசைப்படுத்துகிறார், மரகதமும் அதில் உண்டு. சிலம்பு விற்கப் போனவனை இரத்தினக் கடைத்தெரு வழியாக நடக்கவிட்டது புலவரின் குறும்பு என்றே எனக்குத் தோன்றும். மாணிக்கப் பரலா முத்துப் பரலா என்பதில்தானே ஒரு ராஜ்ஜியமே எரிந்தது!

எங்கள் தெருவும் அந்தக் கடைத்தெருவுக்குக் குறைந்ததில்லை. பெயரளவில் சொல்கிறேன். எதிர்வீட்டில் ரத்தினம்மா, கோடி வீட்டில் நவமணி, கிணற்றடி வீட்டில் முத்தம்மா, பால்கார வீட்டில் பவளக்கொடி. மாணிக்கம் மட்டும் ஆண்கள் பக்கம் போய்விட்டது. வைரம் முத்துவோடு சேர்ந்தால்தான் பெயராகும், அதுவும் ஆம்பிளைக்கு. நீலம் நீலாவதியாகவும் நீலாவாகவும் வந்தது. கோமேதகம், வைடூரியம், புஷ்பராகம் என்று பெண் குழந்தைக்கு வைத்த துணிச்சல்காரரை நான் இதுவரை சந்திக்கவில்லை. பவளக்கொடி கூத்து மேடையிலிருந்து வந்த பெயர். அல்லி, அர்ச்சுனன், பவளக்கொடி கதையை விடிய விடியப் பார்த்துவிட்டு வந்து வைத்தார்கள். 1934-இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் முதன்முதலில் சினிமாவில் வந்ததும் அந்தக் கதையில்தான்.

முத்துவின் கதை வேறு. படவேட்டில் அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. ரேணுகாம்பாள் ஊர் இது. கொய்த தலையாகக் கும்பிடப்படும் ஜமதக்கினி மனைவியும், அம்மை நோய்க்கு அதிபதியான மாரியும் எங்களுக்கு ஒருத்திதான். அம்மை போட்டால் 'போட்டிருக்கு' என்றுகூடச் சொல்லமாட்டார்கள். 'அம்மா முத்து கொடுத்திருக்கா' என்பார்கள். வாசலில் வேப்பிலை, உள்ளே பேச்சு குறைவு, தாளிப்பு கிடையாது. முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பிழைத்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தை முத்துமாரி, முத்துலட்சுமி. கிணற்றடி வீட்டு முத்தம்மாவின் கன்னமெல்லாம் தழும்பு. ஆடி வெள்ளிதோறும் வேப்பஞ்சேலை சுற்றிக்கொண்டு கோயிலை வலம் வருவாள். பெரியம்மை இந்தியாவிலிருந்து 1975-இல் போயிற்று, 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்த நோயோடு முத்து என்ற பெயரும் மெல்லத் தேய்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மரகதம் உச்சத்தில் இருந்தது எங்கள் ஆயா தலைமுறையிலும் அவள் மகள் தலைமுறையிலும்தான். 1917-இல் பிறந்த மரகதம் சந்திரசேகர் முதல் மக்களவையிலேயே உறுப்பினர், பின்னாளில் மத்திய அமைச்சர். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி வந்து இறங்கியது அவருக்கு வாக்குக் கேட்கத்தான். அன்று ரேடியோவில் அடிக்கடி அந்தப் பெயர் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அம்மா சட்டென்று ஆயாவைத் திரும்பிப் பார்த்தாள். 1959-இல் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த 'மரகதம்' படத்தில் சிவாஜியும் பத்மினியும் நடித்தார்கள். ஆரணியில் அந்தப் படம் ஓடியபோது தாத்தா குடும்பத்தையே வண்டி கட்டி அழைத்துப் போனாராம். "உங்க பேருல படம் வந்திருக்குன்னு ஊரே சொல்லுது, நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா?" என்று ஆயா வழியெல்லாம் சண்டை. தாத்தா டிக்கெட் கவுண்டரில் போய், "மரகதத்துக்கு நாலு" என்றாராம். கல்யாணமாகி அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அன்றுதான் என்பாள். அதுவும் படத்தைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்பது கடைசிவரை அவளுக்குத் தெளியவில்லை.

அவர் அவளைச் சொன்னாரோ இல்லையோ, தறியில் நெய்தார். ஆரணிப் பட்டு என்றால் அப்போது கனம் குறைந்த சேலை. ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்று வட்டாரமெல்லாம் தறிச் சத்தம். முதலாளி கொடுக்கும் பாவில் நிறம் வரும், நிறத்துக்குப் பெயரும் கூடவே வரும்: மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில் கழுத்து, வெங்காயச் சருகு. ஒரு தீபாவளிக்கு முன்னால் மரகதப் பச்சையில் அரக்குக் கரை வைத்துத் தொடர்ச்சியாக ஆர்டர் வந்தது. சாயப்பட்டறையிலிருந்து வந்த சிட்டத்தை வெளிச்சத்தில் உதறிப் பார்த்துவிட்டு, "மரகதம் நல்லா வந்திருக்கு" என்றார் தாத்தா. தார் சுற்றிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. அந்தச் சேலைகள் சென்னைக்குப் போயின. ஆயா கட்டியது பருத்திச் சேலைதான். அவளுடைய ஒரே பட்டு, கல்யாணத்துக் கூறை, மடிப்பு மடிப்பாக விட்டுப்போய்ப் பெட்டியில் கிடந்தது.

கல் என்றும் அவளிடம் எதுவும் இருந்ததில்லை. செயற்கைச் சிவப்புக் கல் கம்மல், மூக்கில் வெள்ளைக்கல் பேசரி. எனக்குச் சம்பளம் வந்த பிறகு ஒருமுறை வேலூர் நகைக்கடையில் மரகத மோதிரம் விலை கேட்டேன், ஜோசியர் புதனுக்குப் போடச் சொன்னார் என்று பொய் சொல்லிக்கொண்டு. கடைப் பையன் கண்ணாடிக் குழலைக் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னான். குளத்துப் பாசி மாதிரி கோடுகள், வெடிப்புகள். "ரேகை இருந்தாத்தான்க்கா ஒரிஜினல். சுத்தமா இருந்தா கண்ணாடி" என்றான். எளிதில் விரிசல் விடும், சூடு காட்டக் கூடாது, சோப்புத் தண்ணியில் ஊறப்போடக் கூடாது, எண்ணெய் ஏற்றித்தான் விற்பார்கள் என்று பெரிய பட்டியல் போட்டான். அடுப்படியிலும் தறியடியிலும் கிடப்பவளுக்கு ஆகாத கல். விலையும் எனக்கு ஆகவில்லை.

ஆயா போன பிறகு வீட்டில் பிறந்த முதல் பேத்திக்கு அவள் பெயரைத்தான் வைத்தார்கள். முறை அதுதான். ஆனால் பாட்டி பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்டக் கூடாதே! அதனால் கோயில் அர்ச்சனைக்கு மரகதம், பள்ளிக்கூடத்துக்கு வேறு, கூப்பிடப் பாப்பா. பாப்பாவுக்குக் கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது மட்டும் அவள் மரகதம்.

இப்போது அந்தப் பாப்பாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பெண். வாட்சப் குழுவில் பெயர்ப் பட்டியல் ஓடுகிறது. மக நட்சத்திரம், கணினி ஜாதகம் ம, மி, மு, மெ என்று எழுத்துக் கொடுத்திருக்கிறது. மித்ரா, மிதிலா, மிஷ்டி, மிஹிகா என்று தொடுப்பு போகிறது. எண் கணிதக்காரர் ஒருவர் 'ஹெச்' ஒன்று கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறார். நான் 'மரகதம்' என்று போட்டேன். முதலில் சிரிப்பு பொம்மைகள் வந்தன. பிறகு பெண்ணின் அம்மாவே குரல் பதிவு அனுப்பினாள்: "அத்தை, நல்ல பேருதான். ஆனா க்ளாஸ்ல கூப்பிட்டா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க."

திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டுமே! வெளிநாட்டில் ரூபி, பேர்ல், ஜேட் என்று வைத்துக் கூப்பிடுகிறார்கள். யாரும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை. வடக்கே ஹீராவும் பன்னாவும் மோதியும் பழைய பெயர்கள்தாம். பன்னா என்றால் நம் மரகதமே. மேவார் இளவரசன் உதய்சிங்கைக் காப்பாற்ற, பெற்ற பிள்ளையைப் பலி கொடுத்த பன்னா தாயின் கதை அங்கே பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். இங்கே 2017-இல் 'மரகத நாணயம்' என்று ஒரு படம் வந்து ஓடியது. படத்தின் தலைப்பென்றால் அந்தச் சொல் பழசாகத் தெரிவதில்லை, பெண் குழந்தைக்கென்றால்தான் தெரிகிறது. மரகதத்தைக் காலாவதிப் பெயர் என்று தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பெயருக்கு நாம் ஒரு தலைமுறைகூட வாய் கொடுக்கவில்லை. மருமகள் சொல்லக் கூடாது, புருஷன் சொல்லக் கூசுவான், பேத்திக்கு வைத்தாலும் கூப்பிடக் கூடாது. பித்தளையில் வெட்டிப் பரணில் போட்டுவிட்டு, பழசாகிவிட்டது என்கிறோம்.

பட்டியல் இன்னும் முடியவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. பிறப்பைப் பதிவு செய்த பிறகு 12 மாதத்துக்குள் பெயர் கொடுத்தால் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறார்கள், தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரைகூட முடியும். உங்கள் வீட்டிலும் பெயர் வைக்காத பெண் குழந்தை இருந்தால், அந்த அவகாசத்தில் ஒரு நாள் மரகதம் என்று நாலு முறை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.